துணி கொடியிலேயே இருக்கட்டும்

டெங்குக்குப் புகையடிக்க வருவதற்கு முன்னால், முச்சக்கர வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போவது எங்கள் பதுளைப் பக்கத்தில் எல்லோருக்கும் பழகிப்போன சத்தம். அந்த அறிவிப்பில் ஒரு வரி வரும். ‘துணி கொடியிலேயே இருக்கட்டும், பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.’ புதிதாக வேலைக்கு வந்தவர்கள் அறிவிப்பைத் திருத்தி எழுத உட்கார்ந்தபோது, இந்த வரி எதற்கு, மற்ற இடங்களில் இல்லையே, எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் யாருக்கும் காரணம் தெரியவில்லை. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிற ஞானப்பிரகாசத்தைக் கேளுங்கள் என்று ஒருவர் சொல்ல, அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று என்னிடம் கேட்டார்கள். அரைப் பக்கத்தில் அடங்குகிற சமாச்சாரம் இல்லை. கேட்டவர்கள் பொறுமையாக வாசிக்க வேண்டியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது மலேரியாக் காலத்தில், முதுகில் பம்பு சுமக்கிறவனாக. அப்புத்தளைக் குளிரில் வளர்ந்தவனை மொனராகலை வெயிலில் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டுச் சாமான்களை எல்லாம் வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, சுவர் சுவராக மருந்தடிப்போம். அந்த மருந்தின் நாற்றம் குளித்தாலும் போகாது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமியாராக வரவிருந்தவர் மூக்கைச் சுளித்ததை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். சில வருடங்களில் அந்த மருந்து பலிக்காமல் போனது, வேறொன்று வந்தது. பிறகு பரீட்சை எழுதி பூச்சியியல் உதவியாளர் ஆனேன். பம்பு இறங்கி, கண்ணாடிக் குழாயும் உருப்பெருக்கியும் கைக்கு வந்தன. மலேரியா ஒழிந்தது, டெங்கு வந்தது. படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

மருந்துக்குக் கொசு பழகிவிட்டது என்று ஜனங்கள் சொல்வார்கள். எந்தக் கொசுவும் உட்கார்ந்து பழகிக்கொள்வதில்லை. ஒரு முறை அடிக்கும்போது ஆயிரத்தில் ஒன்றிரண்டு தப்பும். தப்பியதன் வாரிசுகள்தான் அடுத்த முறை பறக்கும். அவற்றிலும் தப்புகிறவை தப்பும். கடைசியில் தப்பத் தெரிந்த கூட்டம் மட்டும் மிஞ்சும். நாம் அதே மருந்தை அதே நம்பிக்கையோடு அடித்துக்கொண்டிருப்போம். புகை மட்டும் பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும்.

எனக்கு மேலதிகாரியாகக் கடைசியாக இருந்தவர் நிரோஷா மிஸ். பூச்சியியல் அதிகாரி. சிங்களவர். தமிழைத் தோட்டங்களில் வேலை செய்துதான் கற்றுக்கொண்டார், அதனால் அவர் பேசியது அச்சு அசலாக லயத்துத் தமிழ், தொழிலாளர் வரிசை வீடுகளின் தமிழ். உயரம் குறைவு, குரலும் குறைவு. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகும், நாங்கள் கிட்டே போய்க் காது கொடுக்க வேண்டியிருக்கும். திட்டு வாங்குவதற்குக் கிட்டே போக வேண்டிய ஒரே மேலதிகாரி அவர்தான்.

கொசு அறைக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் நிறுத்தி எங்களை முகர்ந்து பார்ப்பார். சென்ட் போட்டிருந்தால் உள்ளே விட மாட்டார். தலையில் வாசனை எண்ணெய், சட்டையில் கொசுவர்த்திப் புகை, எதுவும் ஆகாது. ஒரு முறை என் மனைவி ஊதுவத்தி கொளுத்திய அறையில் சட்டை காய்ந்தது என்பதற்காக என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு அதிகப்படி என்று நினைத்தேன். சோதனை என்றால் என்ன என்று புரிந்த பிறகு நானே மற்றவர்களை முகர ஆரம்பித்துவிட்டேன்.

சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். முதலில் அந்த இடத்துப் பீப்பாயிலும் பழைய டயரிலும் தயிர்ச் சட்டியிலும் இருந்து புழு எடுத்து வந்து வளர்க்க வேண்டும். வளர்ந்த பெண் கொசுக்களை வாயால் உறிஞ்சும் குழாயில் எடுத்து, பச்சைப் புள்ளி வைத்த குழாய்க்குள் விட வேண்டும். அதில் வெறும் தாள். நோஞ்சான்களை அங்கேயே கழித்துவிட்டு, மீதியைச் சிவப்புப் புள்ளிக் குழாய்க்குள் மெதுவாக ஊத வேண்டும். அதன் உட்சுவரில் மருந்து தோய்ந்த தாள் சுற்றியிருக்கும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பச்சைக் குழாய். மேலே சீனித் தண்ணீர் நனைத்த பஞ்சு. ஈரத் துவாலையால் மூடி வைத்து மறுநாள் பார்க்க வேண்டும். ஒரு குழாயில் மட்டும் மருந்தே இல்லாத தாள் இருக்கும். அதுதான் கன்ட்ரோல். மருந்து படாத அந்தக் குழாயில் கொசு அதிகமாகச் செத்தால், சூடோ பட்டினியோ சட்டையில் ஒட்டிய புகையோ வேறு ஏதோ கொன்றிருக்கிறது என்று அர்த்தம். முழுச் சோதனையையும் குப்பையில் போட வேண்டியதுதான்.

மறுநாள் காலையில் மிஸ் கன்ட்ரோலைத்தான் முதலில் எடுப்பார். மற்றக் குழாய்கள் துவாலைக்கு அடியில் இருக்கும். கன்ட்ரோலைப் பார்க்கும் முன் அவற்றை எட்டிப் பார்த்தால் கையில் தட்டுவார். குழாய்களின் பெயர்ச்சீட்டை மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னைப் படிக்கச் சொல்வார். எந்தக் குழாய் எது என்று தெரியாமல் நான் ‘செத்தது, உயிர், செத்தது’ என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். கவிழ்ந்து கிடந்து காலை உதைக்கிறதா, எழுந்து நிற்க முடியாதா, அது செத்த கணக்கு. மூன்று கால் உடைந்திருந்தாலும் பறக்கிறதா, அது உயிர். நான் தயங்கினால், “பறக்குதா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க ஞானம். பாவம் பாக்காதீங்க,” என்பார்.

எல்லவிலிருந்து பதுளைக்கு இறங்குகிற பாதையில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதன் கீழ்ப்பிரிவில் டெங்கு விடாமல் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் போய்ப் புகையடித்தார்கள். ஒரு வாரத்தில் மறுபடி காய்ச்சல். மறுபடி புகை, மறுபடி காய்ச்சல்.

அங்கேதான் ஜெயராணியைச் சந்தித்தேன். பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற நீளமான அறை அது. உத்திரத்தில் வரிசையாகத் தொட்டில்கள் தொங்கும். ஒவ்வொரு தொட்டிலும் அந்தந்தப் பிள்ளையின் தாய் உடுத்திய பழைய சேலை. வேறு சேலையில் போட்டால் பிள்ளை தூங்காது என்பாள். அவளுடைய மகள் தர்ஷினிக்கு அப்போது நான்கு வயது இருக்கும், அதே அறையில்தான் ஓடித் திரிந்தாள். கொழும்புப் பக்கத்தில் புருஷன் வேலை செய்த இடத்தில் இருந்தபோது பிள்ளைக்கு ஒரு முறை டெங்கு வந்து போயிருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர், இன்னொரு வகை டெங்கு தொற்றினால் முதல் தடவையை விடக் கடுமையாக இருக்கலாம், ஜாக்கிரதை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்குப் பயந்துதான் ஜெயராணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்தாள். வந்த இடத்தில் டெங்கு அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

அதனால் அவள் கேட்ட கேள்வி எப்போதும் ஒன்றுதான். புகை மெஷினை நிறுத்தியதும் ஓடி வருவாள்.

“செத்துச்சா சார்?”

“பாக்கணும்மா.”

“போன தடவையும் பாக்கணும்னுதான் சொன்னீங்க. பாத்தீங்களா? எனக்கு இவ ஒருத்திதான் சார். செத்துச்சா இல்லையான்னு சொல்லுங்க, இல்லாட்டி நான் வேற எங்கயாச்சும் போயிடுறேன்.”

எனக்கு அந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. பதில் தெரியாத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பதில் சோதனையில் வந்தது. அந்தப் பிரிவில் எடுத்த கொசுக்களை எங்கள் வழக்கமான மருந்துத் தாளில் ஒரு மணி நேரம் அடைத்துவைத்து மறுநாள் பார்த்தால், பாதிக்கு மேல் ஜம்மென்று உட்கார்ந்து சீனித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. கன்ட்ரோல் சுத்தம். சந்தேகத்துக்கு இடமில்லை. ஏன் இப்படி என்று தேடியபோது எல்லவில் போய் முட்டியது. வெள்ளைக்காரப் பயணிகள் தங்குகிற விடுதிகளில் சாயங்காலம் ஆனால் அறை அறையாகக் கொசு மருந்து விசிறுகிறார்கள். அதே வகை மருந்து. தோட்டத்துப் பையன்கள் அங்கே வேலை செய்துவிட்டு, மிச்ச டின்னை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். கொசுவர்த்தியில் இருப்பதும் அதற்கு அண்ணன் தம்பிதான். இப்படித் தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டி வளர்த்த கொசுவை, மாதத்துக்கு ஒரு முறை போய் நாங்கள் பயமுறுத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

அடுத்த சோதனையில்தான், பழைய மருந்தோடு இன்னொன்றைச் சேர்க்கிற கலப்பு வந்தது. இதில் சிலர் நினைப்பது போல இரண்டு விஷத்தைச் சேர்த்து இரண்டு மடங்காக்குவதில்லை. சேர்க்கிற துணை மருந்து அந்த அளவில் கொசுவைக் கொல்லாது. கொசுவின் உடம்பில் விஷத்தை உடைத்துத் தள்ளுகிற நொதி ஒன்று இருக்கிறது. துணை மருந்து அதை மடக்கிப் பிடித்துக்கொள்ளும். வாசல் காவலாளியிடம் ஒருவன் வெற்றிலை கேட்டுப் பேச்சுக் கொடுத்து நிறுத்திவைக்க, மற்றவன் உள்ளே போவதைப் போல. அதற்குள் பழைய மருந்து தன் வேலையைச் செய்துவிடும். ஆனால் எல்லா ஊர்க் கொசுவும் ஒரே வழியில் தப்புவதில்லை. நரம்பிலேயே மாற்றம் வந்துவிட்ட கொசுவிடம் துணை மருந்தால் பெரிய பிரயோசனம் இல்லை. அதனால் முதலில் துணை மருந்துத் தாள், அடுத்து மருந்துத் தாள் என்று வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். துணை மருந்து மட்டும் வைத்த குழாய் ஒன்றும் தனியாக இருக்க வேண்டும்.

மறுநாள் பெயர்ச்சீட்டைத் திருப்பிவைத்துக்கொண்டு நான் படித்தேன். ஒரு குழாயில் ‘செத்தது, செத்தது’ என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. ஒன்றிரண்டுதான் எழுந்தன. மிஸ் சீட்டைத் திருப்பினார். கலப்புக் குழாய். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு, “இன்னொரு தடவ செய்வோம்,” என்றார். இன்னொரு தடவையும் அப்படியே வந்தது. பிறகுதான் மேலிடத்துக்கு எழுதி, அந்த ஒரு பிரிவுக்கு மட்டும் கலப்பு மருந்து வாங்கினார். அது லேசான வேலை இல்லை. பழைய மருந்து கிடங்கில் குவிந்து கிடக்கும்போது புதியது எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு.

முச்சக்கர வண்டி போய் அறிவித்தது. லயத்து ஜனங்கள் ஒத்துழைத்ததைச் சொல்ல வேண்டும். காலையில் பெயர் பதிகிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறுவதற்கு முன்னாலேயே வீடுகளைத் திறந்து போட்டுவிட்டு, பிள்ளைகளோடு கோவில் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நாங்கள் அறை அறையாகப் புகையடித்தோம். மறுநாள் கொசு பிடிக்கப் போனோம். கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் டார்ச் அடித்து, உறிஞ்சு குழாயால் எடுக்கிற வேலை அது. உயிரோடு கொசு இருந்தது. நிறைய இருந்தது. பிள்ளைக் காம்பராவில் தொட்டில் சேலை மடிப்பிலிருந்தே நான்கைந்து எடுத்தேன். ஜெயராணி என் கைக் குழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு அவள் எதுவும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் நின்றது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அலுவலகத்தில் உடனே முடிவு கட்டினார்கள். கலப்பும் தோல்வி, காசைக் கரியாக்கியாயிற்று. தோட்டத்துத் துரை தொலைபேசியில், பிள்ளைக் காம்பராவை மூடிவிடுகிறேன் என்றார். மூடினால் தாய்மார் பிள்ளையை வீட்டில்தான் போட்டுவிட்டுப் போவார்கள், அங்கேயும் அதே கொசு. மிஸ் யாரோடும் வாதாடவில்லை. “குழாயில செத்தது வீட்டுல ஏன் சாகல? அது தெரியாம தோல்வின்னு எழுத மாட்டேன்,” என்றார். குரல் நன்றாகத் தாழ்ந்திருந்தது.

இரண்டாம் முறை புகையடித்தபோது, வலைத் துணியால் சிறு கூண்டுகள் செய்து, அதே பிரிவில் பிடித்து வளர்த்த கொசுக்களை அடைத்து, ஒவ்வொரு அறையிலும் உத்திரத்தில் ஒன்று, மூலையில் ஒன்று என்று தொங்கவிட்டோம். புகை படாத இடத்தில் கன்ட்ரோல் கூண்டு. கூடவே தரையில் வெள்ளை விரிப்பு, விழுகிற கொசுவை எண்ணுவதற்கு. அந்த விரிப்பில் ஒரு தடங்கல் வந்தது. பிள்ளைக் காம்பராவில் தொட்டில் கட்டுகிற இடத்துக்குக் கீழே வெள்ளைத் துணியை விரிக்கப் போனபோது ஜெயராணி என் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தாள்.

“தொட்டிலுக்குக் கீழ வெள்ளை விரிப்பாங்களா சார்? எழவு வீடா இது?”

வெள்ளையில்தான் கொசு தெரியும் என்று நான் விளக்கினேன். அவள் போய்க் கிண்ணத்தில் மஞ்சள் கரைத்துக்கொண்டு வந்து, விரிப்பின் நான்கு மூலையிலும் தொட்டு வைத்தாள். “இப்ப விரிங்க,” என்றாள். மிஸ் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மூலையில தானே? நடுவுல பாக்கலாம். நல்லது,” என்றார். நான் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறவன். மஞ்சள் விஷயத்தில் எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

மறுநாள் கூண்டுகளைப் பார்த்தோம். கூண்டுக் கொசு செத்துக் கிடந்தது, மூலையில் தொங்கவிட்டதும் கூட. கன்ட்ரோல் கூண்டில் உயிரோடு இருந்தன. ஆக மருந்து கொல்கிறது, புகை மூலை வரைக்கும் போகிறது. ஆனால் டார்ச் அடித்துத் தேடினால் வீடுகளில் கொசு இருந்தது. விரிப்பில் விழுந்தவை கொஞ்சம்தான். அப்படியானால் புகை வந்தபோது மற்றவை எங்கே இருந்தன?

ஒரே ஓர் அறையில்தான் உயிரோடு ஒரு கொசுவும் இல்லை. கடைசி லயத்தில் செபமாலை என்பவருடைய அறை. கொழுந்து லொறியில் மூட்டை ஏற்றுபவர், தனிக்கட்டை. அந்த அறையின் லட்சணத்தைச் சொல்லாமல் விடுவதுதான் அவருக்குச் செய்கிற மரியாதை. லயத்திலேயே சுத்தமான வீடுகளில் கொசு இருக்கிறது, இந்தக் குப்பைக் கிடங்கில் மட்டும் செத்து உதிர்ந்திருக்கிறது. விரிப்பு கறுப்பாக இருந்தது. மிஸ் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“நீங்க என்ன செஞ்சீங்க செபமாலை?”

அவர் பயந்துவிட்டார். “நான் ஒண்ணுமே செய்யலைங்க மிஸ். மொத நாளு ராத்திரி தண்ணி கொஞ்சம் கூடிப்போச்சு. பசங்கதான் என்னைய கம்பளியோட தூக்கிட்டுப் போயி மண்டபத்துல போட்டானுங்க. கண்ண முழிச்சப்ப பொகையெல்லாம் முடிஞ்சிருச்சு. சத்தியமா எதையும் தொடல.”

“எதையும் தொடல,” என்று மிஸ் திருப்பிச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவர் நேரே பிள்ளைக் காம்பராவுக்கு நடந்தார்.

“ஜெயராணி, நேத்து நாங்க வர்றதுக்கு முன்னாடி நீங்க என்ன செஞ்சீங்களோ, அத அப்படியே இப்ப செய்ங்க. ஒண்ணும் மாத்த வேணாம். நாங்க பாக்குறோம்.”

ஜெயராணி சங்கோஜத்தோடு ஆரம்பித்தாள். பால் போத்தல்களை எடுத்துக் கூடையில் வைத்தாள். தண்ணீர்ப் பானையை மூடினாள். பிறகு தொட்டில் சேலைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மருந்து பட்டுவிடக் கூடாது என்று உதறாமல், தூங்குகிற பிள்ளையைத் தூக்குவது போலப் பக்குவமாகச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டாள். கொடியில் கிடந்த சட்டை, துண்டு எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டாள். வெளியே போய்த் தேயிலைச் செடிகளின் மேல் பரப்பினாள். அவள் முதல் சேலையை விரித்தபோது, மடிப்புக்குள்ளிருந்து கொசுக்கள் கிளம்பிச் செடிக்கு அடியில் இறங்கின. சிலது கிளம்பவே இல்லை, கறுப்புச் சேலையின் கரையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

டெங்குக் கொசு சுவரில் உட்காருவதை விட, தொங்குகிற துணியில், அதுவும் கறுப்புத் துணியில் உட்காருவது அதிகம். இது எங்களுக்குப் பாடத்திலேயே தெரியும். தெரிந்திருந்தும், ‘துணிமணிகளை வெளியே எடுத்து வையுங்கள்’ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தோம். சுவரில் மருந்தடித்த மலேரியாக் காலத்து அறிவிப்பு அது. நோய் மாறியது, கொசு மாறியது, மருந்து மாறியது, அறிவிப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை. பழைய மருந்துக்குக் கொசு எப்படியும் சாகாததால், துணியோடு வெளியே போனதை யாரும் கவனிக்கவும் இல்லை. சாகடிக்கிற மருந்து வந்த பிறகுதான் இந்த ஓட்டை தெரிந்தது. லயம் முழுக்க எல்லா வீட்டிலும் இதே கதை. அறிவிப்பைக் காது கொடுத்துக் கேட்ட நல்ல குடும்பங்கள் எல்லாம் கொசுவைக் காப்பாற்றியிருக்கின்றன. கேட்காமல் கிடந்தவர் செபமாலை ஒருவர்தான்.

ஜெயராணி செடியருகே நின்று துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப நானே சொமந்துகிட்டுப் போயி, நானே திரும்பக் கொண்டாந்து தொட்டில்ல கட்டுனேனா?”

அன்று பிற்பகல் தர்ஷினிக்குக் காய்ச்சல் கண்டது.

அது என்றைக்கோ கடித்த கடியின் காய்ச்சல், அன்றைய துணியால் வந்ததில்லை. ஒருவேளை முதல் முறை புகையடித்த அன்றே எல்லாம் செத்திருந்தால் தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். இதையெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்ல என்னால் முடியும். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஜீப்பில் ஏறுகிற ஒருத்தியிடம் அந்தக் கணக்கு எடுபடாது. பதுளை ஆஸ்பத்திரிக்கு அவர்களைக் கொண்டுபோனது எங்கள் வண்டிதான். பாதி வழியில் ஜெயராணி அழ ஆரம்பித்தாள். “நான்தான் சார், நான்தான்,” என்று அதையே சொன்னாள்.

முன் சீட்டிலிருந்த மிஸ் திரும்பிப் பார்த்தார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. நாங்கள் இருவரும் முன்னால் சாய்ந்துதான் கேட்டோம்.

“நீங்க இல்ல. நீங்க மைக்குல சொன்னத செஞ்சீங்க. சொன்னது நாங்க.”

அவ்வளவுதான் சொன்னார். என் சர்வீஸில் ஒரு அதிகாரி தோட்டத்துப் பெண் ஒருத்தியிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் முறை புகையடிப்பதற்கு மிஸ் துரையிடம் போய்ப் பெண்களுக்கு அரை நாள் லீவு கேட்டார். துணியை உள்ளே விட்டுப் புகையடித்தால் பிறகு அதை எல்லாம் துவைக்க வேண்டும், தொட்டில் சேலையைத் துவைக்காமல் பிள்ளையைப் போடக் கூடாது. அதற்குப் பெண்கள் வீட்டில் இருக்க வேண்டும். துரை கொழுந்து முற்றிப்போகும் என்றார். “பிள்ளைங்க ஆஸ்பத்திரியில இருந்தா தாய்மார் எப்படியும் மலைக்கு வர மாட்டாங்க,” என்று மிஸ் சொன்னார். துரை அரை நாள் கொடுத்தார். பெயரும் வெட்டவில்லை, முழு நாள் சம்பளம் கிடைத்தது.

அறிவிப்பை மிஸ் தானே படித்தார். முச்சக்கர வண்டிக்குள் சின்னதாக உட்கார்ந்து, மைக்கை வாயோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கேட்டால்தான் உண்டு என்கிற அந்தக் குரலில், “துணிய எடுக்காதீங்க. கொடியிலயே இருக்கட்டும். மடிச்சிருந்தா விரிச்சு விடுங்க. சாப்பாட்டையும் தண்ணியயும் மூடுங்க. பிள்ளைங்கள மட்டும் எடுத்துகிட்டு வெளிய வாங்க. பொறகு எல்லாத் துணியையும் தொவைங்க,” என்றார். லயத்துக்கு லயம் நிறுத்தி அதையே சொன்னார். செபமாலை வாசலில் நின்று, “இதத்தானுங்க மிஸ் நான் போன தடவையே செஞ்சேன்,” என்று பெருமையடித்துக்கொண்டார். பெண்கள் அவரைச் சும்மா விடவில்லை. குடித்துவிட்டு விழுந்து கிடந்ததற்கு அரசாங்கம் பதக்கம் தரப் போகிறது என்று கேலி செய்தார்கள்.

இப்போது வேலை செய்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். அந்தக் கலப்பும் என்றைக்கும் நிலைக்கப் போவதில்லை. கொசு அதிலும் ஒரு நாள் தப்பும், அப்போது வேறு கூட்டு தேடுவீர்கள். குழாயும் தாளும் உங்களுக்கு அதைச் சொல்லிவிடும். துணியைக் குழாய் சொல்லாது. ஆகவே தயவுசெய்து அந்த வரியை எடுக்காதீர்கள்.

மூன்றாம் முறை அடித்த மறுநாள் காலையில் நான் பிள்ளைக் காம்பராவில் விரிப்புக்கு முன்னால் முழங்கால் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தொட்டில் சேலைகள் தொங்கிய இடத்துக்கு நேர் கீழே கொத்துக் கொத்தாக விழுந்திருந்தன. மிஸ் வழக்கம் போலக் கன்ட்ரோல் கூண்டை முதலில் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். உயிரோடு தேடினோம். அறை அறையாகத் தேடினோம், கட்டில், கூரை, கொடி என்று. முதல் நாளே துவைத்துக் காய்ந்திருந்த துணிகளையும் உதறிப் பார்த்தோம். கை வெறுமையாகத்தான் திரும்பியது.

அப்போது என் கைத்தொலைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயராணி. நான்கு நாட்களாக அவளிடமிருந்து தகவல் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தான கட்டம் வரும் என்று எனக்குத் தெரியும். மிஸ் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எடுத்தேன்.

“சார், வெள்ளையா விரிச்சீங்க?”

“வெள்ளைதாம்மா.”

“மஞ்சள் தொட்டீங்களா?”

நான் தொட்டிருந்தேன். பக்கத்து வீட்டில் கிண்ணம் வாங்கி நானே கரைத்து, நான்கு மூலையிலும். யாரும் சொல்லாமல்தான் செய்தேன். “தொட்டாச்சு,” என்றேன்.

வார்டில் எங்கேயோ ஒரு பிள்ளை அழுவது கேட்டது. பிறகு கேட்டாள்.

“செத்துச்சா சார்?”

“செத்துச்சும்மா. எல்லாம் செத்துச்சு.”

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. வாயைத் தொலைபேசியிலிருந்து திருப்பி யாரிடமோ, “செத்துச்சாம்டி,” என்றாள். அதற்கு ஒரு சின்னக் குரல் ஏதோ பதில் சொன்னது.

“என்னம்மா சொல்றா?” என்றேன்.

“வெறுங்கஞ்சி வேணாமாம் சார். சம்பல் கேக்குறா.”